வெளிக்கிடங்கிலிருந்து வந்த பெட்டிகளுக்குள் ஈரம்: உடனே உதவி தேவை

ஏடுகாப்போன்:
வணக்கம். இடப்பற்றாக்குறையால் எங்கள் காப்பகத்தின் கையெழுத்துப் படிகளில் ஒரு பகுதியைச் சில மாதங்களுக்கு முன் வெளிக்கிடங்கு ஒன்றுக்கு அனுப்பினோம். ஆய்வாளர் ஒருவருக்காக இன்று காலை வரவழைத்த ஆறு பெட்டிகளிலும் ஈரம் இருக்கிறது. கிடங்கின் கூரை ஒழுகுகிறது போலும். எஞ்சிய பெட்டிகளையும் உடனே திரும்பப் பெற்றுவிடலாமா?

பழுப்புத்தாள்:
உள்ளே இருப்பவை தாளா, ஓலையா, புகைப்படங்களா? ஈரம் பெட்டியின் வெளிப்புறத்தில் இருக்கிறதா, உள்ளுறைகளில் மட்டுமா? நீர் வழிந்த கறை உண்டா? கிடங்கின் வெப்பநிலை எவ்வளவு? இவை தெரியாமல் எவரும் விடை சொல்ல இயலாது.

அட்டைப்பெட்டி:
பிளாஸ்டிக் தாளால் சுற்றி அனுப்பியிருப்பீர்கள். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கியிருக்கும். இப்படிப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நெடுநாள் உறுப்பினர்:
ஆவணக் கிடங்குகளுக்கென்றே ஐஎஸ்ஓ 11799 என்ற தரநிலை இருக்கிறது. அதைப் படிக்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு இங்கே வந்து கேட்பது பொறுப்பான செயலன்று. அடிப்படை தெரிந்தவர்கள் கிடங்கின் வெப்ப, ஈரப்பதப் பதிவுகளைத்தான் முதலில் கேட்பார்கள்.

பழுப்புத்தாள்:
பதிவுகளைக் கேட்க வேண்டும் என்பது சரி. ஆனால் பதறிப்போய் வந்தவரிடம் சொல்லும் முறை இதுவன்று, ஐயா.

ஏடுகாப்போன்:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். தாள்கள் அதிகம், சில புகைப்படங்களும் உள்ளன. பெட்டிகளின் மேல் கறை எதுவும் இல்லை. பாலியெஸ்டர் உறைகளின் மீதுதான் நீர்த்துளிகள் நின்றன. கிடங்கில் 12 பாகை செல்சியஸ் என்று ஒப்பந்தம் சொல்கிறது. எங்கள் அறையில் 27 பாகை, ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காடு. வண்டி வந்த அரைமணி நேரத்தில் திறந்துவிட்டோம்.

பழுப்புத்தாள்:
அப்படியானால் கூரையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. உங்கள் அறைக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 20 பாகை. அதைவிடக் குளிர்ந்த உறைமேல் அந்தக் காற்று பட்டதும் அதிலிருந்த நீராவி துளியாகப் படிந்துவிட்டது. குளிர்கிடங்கிலிருந்து வரும் பெட்டியை மூடியபடியே ஒரு நாள் அறையில் வைத்திருந்து, உள்ளிருப்பவை அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். அட்டைப்பெட்டி அன்பர் குறை சொன்ன அந்தப் பிளாஸ்டிக் சுற்று, இந்த ஒரு நாளில் மட்டும் காப்பாகவே இருக்கும்.

இப்போது நனைந்தவற்றை அடுக்கி வைக்காமல் பரப்பி, இடையிடையே ஒற்றுத்தாள் வைத்து, மெல்லிய காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். வெயிலிலோ சூடான காற்றிலோ காட்ட வேண்டாம். புகைப்படங்களின் படப்பரப்பைத் தொடாதீர்கள். 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கக்கூடும். மற்றப் பெட்டிகளை வரவழைக்காதீர்கள். அவசரத்தில் திறந்தால் அவற்றுக்கும் இதே கதிதான்.

அட்டைப்பெட்டி:
காரணம் அதுவென்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கிடங்கில் தீயணைப்பு நீர்த்தெளிப்பான் இருக்கிறதா என்று கேளுங்கள். சுவடிகளின் தலைக்கு மேல் நீர்க்குழாய் ஓடுவதை என் மனம் ஏற்கவில்லை.

நெடுநாள் உறுப்பினர்:
இது பழைய அச்சம். 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே படைவீரர் பணிப்பதிவுகள் எரிந்தபோது, அந்தத் தளத்தில் தெளிப்பான்கள் இல்லாததால் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. அணைப்பு நீரில் நனைந்தவற்றில் ஏராளமானவற்றை வெற்றிடக் கலத்தில் உலர்த்தி மீட்டார்கள். நனைந்த தாளை மீட்கலாம், சாம்பலை மீட்க முடியாது.

அட்டைப்பெட்டி:
தாளுக்கு அது பொருந்தலாம். நீரில் கரையும் மையால் எழுதிய படியை உலர்த்தினாலும் எழுத்து திரும்ப வராது. வாயு அணைப்பான் இருக்கும்போது நீர் எதற்கு?

பழுப்புத்தாள்:
உயரமான அடுக்குகள் கொண்ட பெருங்கிடங்கில் வாயு வெளியே கசியாதபடி அறையை அடைத்து வைப்பது கடினம். இதற்குத் தனி இழை தொடங்கலாமே. ஆனால் அந்தத் தீயிலிருந்து இந்தக் கேள்விக்கு உதவும் செய்தி ஒன்று உண்டு. அங்கே எரிந்த கோப்புகளுக்கு நகலும் இல்லை, முழுமையான அட்டவணையும் இல்லை. எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்ற பட்டியல் கிடங்குக்காரரிடம் மட்டும் இருந்தால், அதன் ஒரு படியை இன்றே கேட்டு வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏடுகாப்போன்:
ஐந்து பெட்டிகள் உலர்ந்துவிட்டன. ஆறாவதில் இரண்டு புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால், பிரிக்காமல் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுத்திருக்கிறோம். பட்டியல் கேட்டு எழுதியாயிற்று. நன்றி.