மலை உச்சி வீட்டில் தினமும் மாலை காற்றழுத்தம் இறங்குகிறது, இது இயல்பா? (மழைமானி, இரவு வானம் பற்றியும் கேள்விகள்)

குன்றுவீடு:

எல்லோருக்கும் வணக்கம். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மேட்டின் உச்சியில் எங்கள் வீடு. சுமார் 850 மீட்டர் உயரம். சுற்றிலும் சாமைக்காடு. தெற்கே ஒரு பெரிய பலாமரம் நிற்கிறது, மற்ற மூன்று பக்கமும் வானம் அடிவரை தெரியும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, எங்களுக்குக் கீழே இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது என்று செய்தியில் வந்தது. எங்கள் மேட்டில் எவ்வளவு பெய்தது என்று யாரைக் கேட்டாலும் "பேய் மழை" என்றுதான் பதில். அது எனக்குப் போதவில்லை. அப்போதிருந்துதான் அளந்து எழுதி வைக்கவேண்டும் என்ற ஆசை வந்தது. காற்றழுத்தம் அளக்கும் டிஜிட்டல் பாரோமீட்டர் ஒன்று, சாதாரண வெப்பமானி ஒன்று, மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. இவ்வளவுதான் என் கருவிகள்.

இப்போது சந்தேகங்கள்.

காலை பத்து மணிக்கு 919 மில்லிபார் காட்டுகிறது. மாலை நாலு மணிக்கு 915, 916. ராத்திரி படுக்கப் போகும்போது பார்த்தால் மறுபடி ஏறியிருக்கிறது. ஒரு பொட்டு மேகம் இல்லாத நாளிலும் இப்படித்தான். அழுத்தம் இறங்கினால் மழை வரும் என்றுதானே படித்தோம்? கருவி கெட்டுவிட்டதா?

இரண்டாவது, கீழே பள்ளத்தில் இருக்கும் சித்தி வீட்டு முற்றத்தில் வைத்த வாளியில் எப்போதும் என் வாளியைவிட அதிகத் தண்ணீர் இருக்கிறது. இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி வாளிகள். காற்றோடு வரும் மழையில் வித்தியாசம் இன்னும் அதிகம்.

மூன்றாவது, ஜூலையில் நான் பார்த்தது. கீழே ஓடும் மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே போகின்றன. அதே நேரம் மேலே உயரத்தில் வெண்பஞ்சு மாதிரி இருப்பவை கிழக்கிலிருந்து மேற்கே நகர்கின்றன. முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்து, மாடிக் கைப்பிடிக் கம்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உண்மையாகவே எதிரெதிராகத்தான் போகின்றன.

இரவில் நட்சத்திரம் பார்க்கவும் ஆசை. தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

மழைநோட்டு:

உங்கள் பாரோமீட்டர் நன்றாகவே இருக்கிறது, சகோதரி. நான் ஏற்காட்டில் இருக்கிறேன், பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இந்த ஏற்ற இறக்கத்தை நீங்களே கவனித்துக் கேட்டது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

சூரிய வெப்பத்தை வளிமண்டலத்தில் மேலே உள்ள ஓசோனும் கீழே உள்ள நீராவியும் உறிஞ்சுகின்றன. அதனால் மொத்தக் காற்றுமே ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்தை ஒட்டியும் இரவு பத்தை ஒட்டியும் உச்சம்; விடிகாலை நாலு, மாலை நாலு வாக்கில் தாழ்வு. நம் பகுதியில் இந்த வித்தியாசம் 3, 4 மில்லிபார் வரை வரும். ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் தென் அமெரிக்காவில் பயணம் செய்தபோது இதை அளந்துவிட்டு, பாரோமீட்டரைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு வியந்தார். ஐரோப்பாவில் இந்த அசைவு மிகவும் சிறியது. அங்கே அடிக்கடி கடந்து போகும் தாழ்வழுத்தங்களின் பெரிய ஏற்ற இறக்கத்தில் அது மறைந்துவிடும். "இறங்கினால் மழை" என்ற பாடம் அந்த ஊருக்காக எழுதியது. அதை அப்படியே எடுத்துவந்து நம் வீட்டுச் சுவரில் மாட்டினால் தினமும் மாலையில் புயல் எச்சரிக்கைதான்.

நீங்கள் செய்யவேண்டியது, இன்று காலை 8.30 அளவை நேற்று காலை 8.30 அளவோடு ஒப்பிடுவது. பத்து மணி அளவை நாலு மணி அளவோடு ஒப்பிடவே கூடாது. ஒரே மணிக்கு எடுத்த இரண்டு நாள் அளவுகளுக்கு இடையே 3 மில்லிபாருக்கு மேல் இறங்கினால் நிமிர்ந்து உட்காருங்கள். அடுத்த நாளும் அதே மணிக்கு இறங்கியிருந்தால் வங்கக்கடலில் ஏதோ இருக்கிறது என்று தாராளமாகச் சந்தேகப்படலாம். வானிலை ஆய்வு மையமும் இப்படி 24 மணி நேர மாற்றத்தை வரைபடமாகப் போட்டுப் பார்க்கிறது.

இன்னொன்று. 919 என்பதைக் கடல்மட்டத்து 1010-உடன் ஒப்பிட்டுப் பயப்படவேண்டாம். உங்கள் உயரத்தில் 9, 10 மீட்டர் ஏறினாலே ஒரு மில்லிபார் குறைந்துவிடும். மாடியில் படித்துவிட்டு அப்படியே சித்தி வீட்டுப் பள்ளத்துக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள், கையிலேயே தெரியும். பழைய முள் பாரோமீட்டரைத் திருத்தாமல் மலைவீட்டில் மாட்டினால் முள் காலம் முழுக்க "புயல்" என்ற இடத்திலேயேதான் நிற்கும். பின்னால் உள்ள திருகைத் திருப்பிக் கடல்மட்ட அளவுக்குச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

வாளி விஷயம். சித்தி வீட்டில் மழை அதிகம் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். உச்சியில் காற்று வேகம் அதிகம். வாளியின் விளிம்பில் மோதும் காற்று மேலெழுந்து, உள்ளே விழவேண்டிய துளிகளைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போய்விடும். மொட்டை மாடியில் இது இன்னும் மோசம். வாளியைத் தரைக்கு இறக்குங்கள். வாய் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், மட்டமாக இருக்கட்டும். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். அந்தப் பலாமரத்தின் பக்கமே போகவேண்டாம். காற்றைத் தணிக்க, கொஞ்சம் தள்ளிச் சுற்றிலும் தாழ்வான செடிவேலி இருந்தால் நல்லது.

வாளியைவிட 20 செ.மீ. விட்டமுள்ள புனலும் அடியில் ஒரு கேனும் மேல். புனல் வழியாக இறங்கிய தண்ணீர் வெயிலில் அவ்வளவாக ஆவியாகாது. அந்த வாயின் பரப்பு 314 சதுர செ.மீ. ஆகவே 31.4 மி.லி. தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. மருந்துக்கடையில் கிடைக்கும் அளவுக் குடுவையே போதும். தினமும் காலை 8.30-க்கு அளந்து கொட்டிவிடுங்கள். நாடு முழுக்க மழையளவு அந்த நேரத்தோடுதான் முடிகிறது. நீங்களும் அதையே பிடித்துக்கொண்டால்தான் உங்கள் எண்ணை ஊத்தங்கரை எண்ணுக்குப் பக்கத்தில் வைக்கமுடியும். மழையே இல்லாத நாளிலும் பூஜ்யம் என்று எழுதுங்கள், கட்டத்தை வெறுமனே விடாதீர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது அன்று மழை இல்லையா, அளக்கவில்லையா என்று உங்களுக்கே தெரியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மழையைத் தொலைவிலிருந்தே பார்க்கும் சென்னை ரேடார் உங்களிடமிருந்து 160 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. பூமி வளைந்திருப்பதாலும் கதிரைச் சற்று மேல்நோக்கி அனுப்புவதாலும், ஜவ்வாது மலைக்கு வரும்போது அது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் உயரத்தில் போகும். உங்கள் கூரையை உரசிக்கொண்டு போகும் தாழ்மேகமும் அதன் தூறலும் அதன் கண்ணில் சரியாகப் படாது. உங்கள் புனலில் விழும்.

மேகம் எதிரெதிராகப் போவதும் உண்மைதான். தென்மேற்குப் பருவத்தில் கீழே மேற்குக் காற்று. ஆனால் 12 முதல் 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு பலமான காற்றோட்டம் தீபகற்பத்தின் மேல் ஓடுகிறது. இடிமேகத்தின் உச்சி அதில் சிக்கி மேற்கே இழுபடும். அதனால் ஜூலை, ஆகஸ்ட் மாலைகளில் வேலூர், காஞ்சிபுரம் பக்கம் இடி மழை கட்டியிருந்தால், மழை உங்களிடம் வராமலேயே அதன் மேல்திரை மட்டும் வந்து நட்சத்திரங்களை மறைத்துவிடும். கிழக்கு வானத்தைப் பார்த்துவிட்டு இரவுத் திட்டம் போடுங்கள்.

சாமைக்காடு:

அக்கா, நானும் அதே மலைதான். நீங்கள் மழை அளந்தால் மாதக் கணக்கைத் தயவுசெய்து இங்கே போடுங்கள். சாமை விதைப்புக்கு ஆனி, ஆடி மழையை நம்பித்தான் இருக்கிறோம். இந்த மேட்டில் எவ்வளவு, அந்தச் சரிவில் எவ்வளவு என்று யாரும் எழுதி வைத்ததே இல்லை. ஜமுனாமரத்தூர் கணக்கு எங்கள் சரிவுக்குப் பொருந்துவதே இல்லை.

எங்கள் தாத்தா நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் "அகல வட்டம் பகல் மழை" என்பார். இதில் உண்மை இருக்கிறதா, சார்? அப்புறம், மார்கழி, தை விடியலில் மேட்டில் அவ்வளவு குளிர் இல்லை, பள்ளத்தில் கை விறைக்கிறது. மேலே போனால் குளிர் கூடும் என்றுதானே சொல்வார்கள்?

மழைநோட்டு:

தம்பி, தாத்தா சொன்னதில் விஷயம் இருக்கிறது. அகல வட்டம் என்பது பனித்துகள்களால் ஆன மெல்லிய உயரமேகத்தில் வருவது. நிலாவிலிருந்து 22 பாகை தள்ளி நிற்கும். கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை கிட்டத்தட்ட அந்த அளவு. பெரிய மழைக்கூட்டத்தின் முன்வரிசையாக அந்த மேகம் வருவது உண்டு. வடகிழக்குப் பருவத்தில், அழுத்தமும் இறங்கிக்கொண்டிருக்கும்போது இந்த வட்டத்தைப் பார்த்தால் நான் மதிப்பேன். நிலாவை ஒட்டி, நிறம் தெரியும் சின்ன வட்டம் வேறு. அது நீர்த்துளி மேகத்தில் வருவது, அதற்கு அவ்வளவு அர்த்தம் இல்லை.

குளிர் பற்றி: காற்றில்லாத தெளிந்த இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனமாகிறது. பிறகு தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் மூடுபனியும் அங்கேதான் நிற்கும். மேகமோ காற்றோ உள்ள இரவில் இந்த வித்தியாசம் மங்கிவிடும், நீங்கள் படித்தபடி மேலேதான் குளிரும்.

தெற்குவானம்:

குன்றுவீடு அக்காவுக்கு வாணியம்பாடியிலிருந்து வணக்கம். உங்கள் வானத்துக்கு நான் ஏங்குகிறேன். காவலூர் வானாய்வகம் உங்கள் மலையில்தானே இருக்கிறது! வானியலாளர் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு பெரிய காரணம், தெற்கு வானம் அங்கே நிறையத் தெரியும் என்பது. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போனபோது, அதன் வளையங்களின் தடயம் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் பதிவானது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். விசாரித்துவிட்டு ஒருமுறை போய் வாருங்கள்.

தொலைநோக்கி இப்போதைக்கு வேண்டாம். 10x50 பைனாகுலர் ஒன்று போதும். பிப்ரவரி இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே சுமார் 25 பாகை உயரத்தில் அகத்தியர் நட்சத்திரம் எரிந்துகொண்டிருக்கும். மே நடுவில் அதே மணிக்குத் தெற்குச் சிலுவை நிமிர்ந்து நிற்கும். அது வெறும் 17, 18 பாகை உயரம்தான். கை நீட்டி முஷ்டி பிடித்தால் இரண்டு முஷ்டிக்கும் சற்றுக் கீழே. அதனால் பலாமரம் மறைக்காத இடத்தை இப்போதே பார்த்து வையுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் சுமார் 30 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி வரும். வெறும் கண்ணுக்கு மங்கலான நட்சத்திரம். பைனாகுலரில் வட்டமான ஒளித்திட்டாக விரியும். பல லட்சம் நட்சத்திரங்களின் கூட்டம் அது. வட ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

மழைநோட்டு சார் சொன்ன மூடுபனி உங்களுக்குப் பெரிய வரம். பள்ளம் முழுக்கப் பனி மூடினால் கீழ் ஊர்களின் விளக்கொளி அதில் அமுங்கிவிடும். அந்த இரவில் உங்கள் மேட்டு வானம் வழக்கத்தைவிடக் கறுப்பாக இருக்கும், தூங்கிவிடாதீர்கள்.

பகலிலும் ஒன்று உண்டு. ஏப்ரல் 23, 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18, 19 வாக்கிலும் பகல் 12.15-ஐ ஒட்டிச் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே வரும். செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் காட்டுங்கள்.

குன்றுவீடு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புனலும் கேனும் சாமைக்காட்டு ஓரத்தில் வைத்தாயிற்று. சித்தியும் தன் வாளியை மாற்றிவிட்டு 8.30-க்கு அளந்து போனில் சொல்கிறார், அவருக்கு இதில் என்னைவிட ஆர்வம். மாதக் கணக்கைக் கட்டாயம் இங்கே போடுகிறேன், தம்பி. இரண்டு இடத்துக் கணக்கும் வரும்.

அடுத்து காற்றின் திசை பார்க்க, மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு அதன் உச்சியில் திசைகாட்டி மாட்டலாம் என்று இருக்கிறேன். மேட்டில் காற்று தடையில்லாமல் வரும் இடம் அதுதான். எவ்வளவு உயரம் வைக்கலாம்?

மழைநோட்டு:

கொஞ்சம் பொறுங்கள். உங்கள் மேடுதான் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே உயரம். அதன் உச்சியில் வீடு, வீட்டின் மேல் இரும்புக் குழாய் என்றால் சித்திரை, வைகாசி இடிமழைக்கு நீங்களே இடம் காட்டிக் கொடுத்தது போல ஆகிவிடும். வீட்டில் இடிதாங்கி இருக்கிறதா? இல்லை என்றால் முதலில் அதைத் தகுந்த எலக்ட்ரீஷியனை வைத்து, முறையான எர்த்தோடு போடுங்கள். திசைகாட்டி அதற்குப் பிறகுதான். குழாய்க்குப் பதில் மூங்கில் நட்டாலும் நனைந்த மூங்கிலை நம்பமுடியாது.

அதுவரை ஒரு நீளத் துணிப்பட்டையை வீட்டிலிருந்து தள்ளி, திறந்த இடத்தில் ஆள் உயரக் குச்சியில் கட்டிவிட்டு ஜன்னல் வழியாகப் பாருங்கள். எட்டுத் திசையில் எது என்று எழுதினால் போதும். மின்னல் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும்வரை மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். ஆனால் இடி காதில் விழுந்துவிட்டாலே நீங்கள் வீட்டுக்குள் இருக்கவேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வரை வெளியே வரக்கூடாது. 8.30-க்கு இடித்துக்கொண்டிருந்தால் அந்த அரை மணி நேரம் கழிந்த பிறகே கேனை அளந்து, பக்கத்தில் நேரத்தையும் குறித்துவிடுங்கள். சித்தியிடமும் சொல்லிவிடுங்கள்.