முரண்நகையில் நகை எதற்கு?

நண்பர்களே,
இலக்கியத் திறனாய்வுக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். ‘ஐரனி’க்கு (irony, எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக அமைவது) முரண்நகை என்றே போட்டு வந்தேன். நேற்று வகுப்பில் மாட்டிக்கொண்டேன். கோவலன் சிலம்பை விற்கப் போகிறான். அரசியின் சிலம்பைத் திருடிய அதே பொற்கொல்லனிடம் காட்டுகிறான். இது முரண்நகை என்றேன். “இதில் எங்கே சார் சிரிக்கணும்?” என்றாள் ஒரு மாணவி. நகை இல்லாத சொல் ஏதாவது உண்டா? ‘ஆம்பிகுவிட்டி’க்கும் (ambiguity, ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தருவது) ஒன்று வேண்டும்.
– செ.

செ. அவர்களுக்கு,
சிலம்பும் நகைதானே! (மன்னிக்க.) முதலில் சொற்புணர்ச்சி. அரண் + நன்று அரணன்று என்றால், முரண் + நகை முரணகைதான். ‘ஆம்பிகுவிட்டி’க்குக் கவர்பொருள். கவை, கவடு, கவட்டை எல்லாம் ஒரே குடும்பம். இரண்டாகப் பிரியும் பாதை கவர்வழி. கவணையும் இதில் சேர்க்கலாம், தனி மடலில் எழுதுகிறேன்.
– மா.

ஐயா, முரணகை என்று எழுதினால் பிழைதிருத்துபவர் ‘முரணாக’ என்று மாற்றிவிடுவார். கவர்பொருள் என்றால் மாணவருக்குத் திருட்டுப்பொருள், இல்லாவிட்டால் கவரில் போட்ட பொருள். பொருள்மயக்கம் போதாதா?
– இரா.

கவர்பொருளுக்கே இத்தனை பொருள் வருகிறதென்றால் அதைவிடப் பொருத்தமான சொல் ஏது? மயக்கம் வேண்டாம். நூலுக்கு ஆகாதவை என்று நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘மயங்க வைத்தல்’ ஒன்று. கவிஞர் தெரிந்தே செய்வதைக் குற்றத்தின் பெயரால் அழைப்பதா?
– மா.

தெரிந்தே செய்தால் சிலேடை என்பீர்களே? அதில் இரண்டு பொருளும் முழுசாக நிற்கும். இங்கே கேட்பது, எது என்று தீராமலே நிற்பதற்கு. சரி, நகைக்கு வருகிறேன். “தேவர் அனையர் கயவர்” என்கிறார் வள்ளுவர். இருவரும் மனம்போனபடி நடப்பவர்களாம். இங்கே சிரிப்பு வருகிறது, முரண்நகை பொருந்தும். கோவலனுக்கு நிகழ்வுமுரண் என்று பிரித்துவிடலாமே?
– பூ.

குறளில் இருப்பது வஞ்சப்புகழ்ச்சி. பழைய பெயர் இருக்கப் புதிது எதற்கு? அங்கதத்தையும் தொல்காப்பியர்...
– மா.

அதே பத்தில் ‘மற்றொன்று விரித்த’லும் உண்டு ஐயா.
– இரா.

வியாழன் இரவு ஆகிவிட்டது. பொருள்மயக்கத்துக்கு மூன்று பேர், கவர்பொருளுக்கு ஒருவர். நிகழ்வுமுரண் எனக்குப் பிடித்தது, ஆனால் முதல் நாற்பது பக்கத்தையும் மாற்ற நேரமில்லை. முரண்நகையையே விட்டுவிட்டு, ‘சிரிப்பு வந்தே ஆகவேண்டும் என்பதில்லை’ என்று அடிக்குறிப்புப் போடுகிறேன். நன்றி.
– செ.

அடிக்குறிப்பிலாவது முரணகை என்று எழுதுங்கள்.
– மா.