மின்விசிறி விவகாரம்: புதுப்பிப்பு

போன மாதம் இங்கே புலம்பியது நினைவிருக்கலாம். அப்பா நினைவாக, பாளையங்கோட்டையில் நான்கு மின்விசிறி வாங்கி எங்கள் ஊர் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, கொடுத்தேன். அறுப்பின் பண்டிகை (விளைச்சலுக்கு நன்றி சொல்லும் திருநாள்) அன்று வாசித்த அன்பளிப்புப் பட்டியலில் என் பெயர் மட்டும் இல்லை. எங்கள் போதகரான ஐயரிடம் கேட்கலாமா என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் 'கேளுங்க' என்றீர்கள்.

சரி, போனேன். ஐயர் மழுப்பவில்லை. "விட்டுப்போச்சு தம்பி, வர்ற ஞாயிறு வாசிச்சிருதேன்" என்றார். சந்தோஷத்துக்குப் பதில் கூச்சம்தான் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

வீட்டில் பைபிளில் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். தாரை (எக்காளம்) ஊதித் தர்மம் செய்கிறவர்கள் தங்கள் பலனை 'அடைந்து தீர்ந்தது' என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அங்கே வரும் சொல், அந்தக் காலத்து ரசீதுகளில் 'முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதப் பயன்பட்டது. கணக்கு முடிந்தது, பாக்கி இல்லை. நான் அந்த ரசீதுக்குத்தான் அலைந்திருக்கிறேன். நற்கிரியையை மனுஷர் காணட்டும் என்று அதே மத்தேயு 5:16-இல் இருக்கிறதே என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். உண்மைதான், ஆனால் அங்கே மகிமை பிதாவுக்குப் போகிறது.

அம்மாவிடம் சொன்னேன். "எய்யா, அப்பா பேரை வாசிக்கலன்னா கோவப்பட்ட? உன் பேரைல்லா?"

ஐயருக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். பெரிய மனசு என்று யாரும் எழுதிவிடாதீர்கள், இதை இங்கே போடுவதே ஒரு தாரைதான். அப்புறம், நேற்று ஆராதனையில் இரண்டாவது விசிறி கிறீச்சிட்டது. கோயிலைப் பராமரிக்கும் கோயில்குட்டியாரிடம் எண்ணெய் விடச் சொல்ல வேண்டும்.