மறு: ‘ஓவர்லே’க்குத் தமிழ், திங்கட்கிழமைக்குள்

அனைவருக்கும் வணக்கம்.

நம் வகுப்புக் கையேட்டுக்காக ‘ஓவர்லே’க்கு மூன்று நாளாகத் தமிழ்ச் சொல் தேடியதில், எதற்காகத் தேடுகிறோம் என்பது பின்னால் போய்விட்டது. மறுபடியும் சொல்கிறேன். மதுரைக் கோட்டையின் பழைய வரைபடம் ஒன்றை கூகுள் எர்த் புரோவில் இன்றைய ஊரின் மேல் வைக்கிறோம். (2015-லிருந்து அது இலவசம்.) மீனாட்சி கோயிலின் நான்கு வெளிக் கோபுரங்களும் இரண்டு படத்திலும் ஒன்றன்மேல் ஒன்று வரும்வரை இழுத்து, திருப்பிப் பொருத்துகிறோம். பிறகு பழைய படத்தை மெல்ல மங்கலாக்கினால், சுவர் ஓடிய தடத்தில் வெளி வீதிகள் எழுந்து வரும். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கண்ணாலேயே புரிந்துவிடும். இந்தப் படத்துக்குத்தான் பெயர் வேண்டும்.

> போர்வைப்படம். புறம் 141-இல் மயிலைப் பற்றி ‘உடாஅ போரா’ (உடுத்தாது, போர்த்தாது) என்று வருகிறது. படாம், படம், போர்த்தல் மூன்றும் ஒரே இடத்தில்!

பழனி ஐயா, மயிலுக்குப் படாம் தந்த பேகன் உங்கள் ஊர்க்காரர், உரிமை உண்டு. ஆனால் போர்த்தினால் கீழே இருப்பது மறைந்துவிடுமே. ‘போர்படம்’ என்று வினைத்தொகையாகச் சுருக்கலாம் என்றீர்கள். ஒற்று மிகாது, இலக்கணம் சரி. வரலாற்று வகுப்பில் அதைக் கரும்பலகையில் எழுதினால் ஒரு ‘ப்’ விட்டுப்போனது என்று எண்ணிப் பிள்ளைகள் பானிப்பட்டைத் தேடுவார்கள்.

> மேற்படி. கல்வெட்டுப் படி போல, மேலே வைக்கும் படி.

அழகுதான். ஆனால் அந்தச் சொல்லைப் பத்திர எழுத்தர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

> மேலடுக்கு. தெரிந்த சொல், போதும்.

மேலூர் அம்மா சொல்வது வகுப்பறை நியாயம், மறுக்கவில்லை. ஆனால் வைகை ஓர் அடுக்கு, சாலைகள் ஓர் அடுக்கு என்று ‘லேயரு’க்கு ஏற்கெனவே அடுக்கு போட்டாயிற்று. பழைய கோட்டையும் அதில் ஒன்றாகிவிட்டால், இரண்டு காலத்தையும் சேர்த்துப் பார்க்கிறோம் என்பது சொல்லில் இல்லாமல் போகிறது.

என் சொல் ஊடுபடம். செல்லூரில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். தறியில் பாவு நீளவாக்கில் நிற்கும், ஊடு குறுக்கே ஓடும். ஒன்று மற்றொன்றை மறைக்காது. இன்றைய ஊர் பாவு, பழைய கோட்டை ஊடு. ‘ஊடல்’ நினைவுக்கு வருகிறது என்றார் ஒருவர். ஊடகம் என்று நாள்தோறும் சொல்கிறோம், யார் ஊடலை நினைக்கிறோம்?

வரைபடமா, நிலப்படமா, தேசப்படமா என்ற சண்டையைத் தயவுசெய்து தனி இழையில் வையுங்கள்.

அப்புறம், சொல்லைவிட முக்கியமான ஒன்று. பொருத்தும் புள்ளியாக விளக்குத்தூணைச் சிலர் எழுதியிருந்தீர்கள். அது பிளாக்பர்ன் நினைவாக எழுந்தது. கோட்டை இருந்த காலத்துப் படத்தில் அது கிடைக்காது. கோபுரங்களையும் திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, எண்ணிப் பார்த்தேன். மேலடுக்குக்கு ஐந்து பேர், போர்வைக்கு ஒருவர், மேற்படிக்கு ஒருவர், ஊடுபடத்துக்கு நான் மட்டும். கையேட்டில் மேலடுக்கு என்றே போடுகிறேன். செய்முறைப் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் ஊடுபடம் இருக்கும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். பழனி ஐயா போர்வையை விடமாட்டேன் என்று இன்று காலையிலும் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் வாயில் எது வருகிறது என்று செவ்வாய்க்கிழமை எழுதுகிறேன்.