பட்டம் பெற்றவர்கள் அரசியலமைப்பைக் காப்பார்களா?

கேள்வி

உயர்கல்வி பரவினால் மக்களாட்சி வலுப்பெறும் என்பதை நாம் பெரும்பாலும் ஆராயாமலே ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின், 1933 மே 10 அன்று பெர்லினில், பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருந்த சதுக்கத்தில் நூல்களைக் குவித்து எரித்தபோது முன்னின்றவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர், மாணவர் சங்கத்தினர். அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன் இயற்றப்பட்ட வைமார் அரசியலமைப்பு, அதாவது ஜெர்மனிக் குடியரசின் மக்களாட்சி அரசியலமைப்பு, 142ஆம் பிரிவில் கற்பித்தலின் சுதந்திரத்தை உறுதிசெய்திருந்தது. கட்டாயக் கல்வியை முடிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் அரசியலமைப்பின் ஒரு படியைத் தர வேண்டும் என்றுகூட 148ஆம் பிரிவு விதித்திருந்தது. கையிலேயே கொடுத்தும் பயன் இல்லையென்றால், பல்கலைக்கழகத்தால் ஆகக்கூடியதுதான் என்ன?

மறுமொழி 1

மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அதே ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் வந்த சட்டத்தின்படி யூதப் பேராசிரியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது, சக ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. 1949இல் மேற்கு ஜெர்மனி தன் அரசியலமைப்பாக இயற்றிய அடிப்படைச் சட்டம் கற்பித்தலின் சுதந்திரத்தை மீண்டும் வழங்கியது. கூடவே, அந்தச் சுதந்திரம் அரசியலமைப்பின்பால் உள்ள பற்றுறுதியிலிருந்து எவரையும் விடுவிக்காது என்றும் சேர்த்துக்கொண்டது. சூடுபட்டவர்கள் எழுதிய வாக்கியம் அது.

மறுமொழி 2

நான் சட்டம் கற்பிப்பவன். முதலாண்டு வகுப்பில் 1950இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஸ்வெட் எதிர் பெயின்டர் வழக்கைத்தான் முதலில் எடுத்துக்கொள்வேன். கறுப்பினத்தவர் என்பதற்காக டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்ட ஒருவர் வழக்குத் தொடுக்கவே, கறுப்பினத்தவருக்கென்று மாநில அரசு தனிப் பள்ளி ஒன்றைத் திறந்தது. அங்கே ஏறத்தாழ 16,500 நூல்கள். பழைய பள்ளியில் 65,000. மாணவர்கள் இந்த எண்களை உடனே பிடித்துக்கொள்வார்கள். "மீதி நூல்களையும் வாங்கிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நீதிமன்றமோ எண்ணக்கூடியவற்றோடு நிற்கவில்லை. மாநில மக்களில் 85 விழுக்காட்டினரை, அதாவது அவர் நாளை எதிர்கொள்ளவிருக்கும் வழக்கறிஞர்கள், சாட்சிகள், நீதிபதிகளில் பெரும்பாலோர் எவரிடமிருந்து வருகிறார்களோ அவர்களை, விலக்கிவைத்த பள்ளி சமமான கல்வியைத் தர முடியாது என்றது.

அதன்பின் நான் கொடுக்கும் வீட்டுப்பாடம், தோற்றுப்போன மாநில அரசின் வாதத்தை, அவ்வரசின் வழக்கறிஞரே ஒப்புக்கொள்ளும் வகையில் ஒரு பக்கத்தில் எழுதிவருவது. ஏளனம் தெரிந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்; மூன்று முறை எழுதியவர்களும் உண்டு. வைமார் காலப் பல்கலைக்கழகங்களில் புலமைக்குக் குறைவில்லை. எதிர்த்தரப்பைத் திரிக்காமல் எடுத்துரைக்கும் இந்தப் பழக்கம்தான் போதவில்லை என்று நினைக்கிறேன்.

மறுமொழி 3

பழக்கம் சரி, அது நடக்க வகுப்பறை இருக்க வேண்டுமே! வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இயங்கக் கடும் நிபந்தனைகள் விதித்து ஹங்கேரி 2017இல் கொண்டுவந்த உயர்கல்விச் சட்டத் திருத்தம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதற்குள், அந்தத் திருத்தத்தால் பாதிக்கப்பட்ட மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் புடாபெஸ்டில் நடத்திவந்த பாடத்திட்டங்களில் பெரும்பாலானவற்றை வியன்னாவுக்கு மாற்றிவிட்டது.