நகத்தை அறுவையின்றி அகற்றியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குச் செல்லும் என் அம்மாவின் வலது கால் பெருவிரல் நகம் பூஞ்சைத் தொற்றால் மஞ்சளாகித் தடித்து, ஓரத்தைத் தொட்டாலே மாவாக உதிர்கிறது. சர்க்கரை நோய் இருப்பதால் நகத்தைப் பிடுங்காமல், சுற்றியுள்ள தோலைப் பிளாஸ்திரியால் மறைத்து, 40 சதவீத யூரியா களிம்பை நகத்தின் மேல் தடவி, 7 முதல் 10 நாள் வரை ஈரம் படாமல் மூடிவைத்து, ஊறி மென்மையான பகுதியை வெட்டியெடுக்கலாம் என்று சேலத்தில் தோல் மருத்துவர் கூறினார். உரமாகப் போடும் யூரியாவையா விரலில் வைப்பது என்று அம்மா அஞ்சுகிறார். என் கவலை மழைதான். நாள் முழுவதும் நனைந்த செருப்புடன் நடப்பவர் மருந்திட்டு மூடிய விரலை எப்படி உலர்வாக வைத்திருப்பது? இம்முறையைச் செய்துகொண்டவர்கள், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்கள், வலியோ புண்ணோ ஏற்பட்டதா, பூஞ்சை மருந்தை எத்தனை மாதம் தொடர்ந்தீர்கள் என்று அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.