'டிரா லெங்த்' என்பதற்கு 'வாங்களவு'

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

வில்லை முழுதாக இழுத்த நிலையில் பிடியிலிருந்து நாண் வரையுள்ள தூரத்தை மரவில் செய்வோர் 'டிரா லெங்த்' என்று சொல்வதற்கு 'இழுநீளம்' என்ற சொல் சென்ற மடலில் முன்வைக்கப்பட்டது. கேட்டவுடன் விளங்குகிறது என்பது அதன் பலம். ஆனால் எந்த நீளம் என்பதை அது சொல்வதில்லை. நாணை விரல் பின்னுக்குக் கொண்டுபோன தூரமா, பிடியிலிருந்து நாண் வரையுள்ள மொத்த இடைவெளியா என்று புதிதாகப் படிப்பவர் தடுமாறுவார். 'இழுவிசை'யும் பாடநூல்களில் வேறு பொருளுக்குப் போய்விட்டதால், 'டிரா வெயிட்' (அந்த அளவுக்கு இழுக்க வேண்டிய விசை) என்பதற்கு அதே வேரிலிருந்து இணைச்சொல் ஆக்க வழியில்லை.

இந்த வேறுபாட்டை வெறும் சொற்சிக்கலாகக் கருத வேண்டாம். நாண் ஏற்றிய வில்லில் பிடிக்கும் நாணுக்கும் 6 அங்குலம் இருக்கிறது, 28 அங்குலத்தில் 40 பவுண்டு வருகிறது என்று கொள்வோம். அம்புக்கு ஆற்றல் தருவது 28 அங்குலம் அன்று, எஞ்சிய 22 அங்குலமே. அதே வில்லைக் குட்டைக் கையுடையவர் 24 அங்குலம் மட்டும் இழுத்தால் அந்த 22 என்பது 18 ஆகிறது. விசை சீராக ஏறுவதாகக் கொண்டால் ஏறத்தாழ 33 பவுண்டுதான் கைக்கு வரும். தூரமும் விசையும் சேர்ந்தே குறைவதால், 4 அங்குலத்தில் சேமிப்பாற்றலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

கூடுதலாக இழுத்தாலும் கேடுதான். கன்னங்குறிச்சியில் என் கொட்டகைச் சுவரில் கப்பியும் கயிறும் வில் தராசும் மாட்டி, 26 அங்குலத்துக்கென்று சீவிப் பக்குவப்படுத்திய வில் ஒன்றை, ஐப்பசி மழையில் ஏற்காட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தேன். மோவாய் வரை இழுக்க வேண்டியதை அக்காள் மகன் காது வரை இழுத்து, மலைப்பைக் காட்டிக்கொள்ளாமல் சற்று நேரம் பிடித்தும் நின்றான். முறியவில்லை, ஆனால் நாணைக் கழற்றிய பிறகும் இரண்டு விரற்கடை கூன் நின்றுவிட்டது. எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கத்து நார்கள் அளவுக்கு மீறி நசுங்கினால், அதுவும் ஈரம் ஏறிய மரத்தில், மீள்வதில்லை. கூன் விழுந்த வில் தொடக்க அங்குலங்களில் தொய்ந்து நிற்கும். அதனால் ஆற்றலும் குறையும். (தராசிலும் ஒரு வில் ஒளிந்திருக்கிறது என்பதை எழுதும்போதுதான் கவனித்தேன்.)

ஆகவே என் பரிந்துரை 'வாங்களவு'. பழைய வழக்கில் வில்லை வாங்குதல் என்றால் இழுத்து வளைத்தல். அப்பொருள் இன்றும் செத்துவிடவில்லை: கடல் உள்வாங்குகிறது, படை பின்வாங்குகிறது, மலையேறினால் மூச்சு வாங்குகிறது. பிடியிலிருந்து தளர்நிலை நாண் வரை 'நாணுயரம்', அங்கிருந்து முழு இழுப்பு வரை 'நாணோட்டம்', இரண்டும் சேர்ந்தது 'வாங்களவு' என வைத்துக்கொண்டால் மேற்கண்ட குழப்பம் தீரும். நாணுயரத்தையும் வாங்களவையும் பிடியின் ஒரே இடத்திலிருந்து கணக்கிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 'டிரா வெயிட்' என்பது 'வாங்குவிசை' ஆகும்.

பொருளியலின் 'வாங்கும் சக்தி' நினைவுக்கு வரும் என்ற மறுப்பை எதிர்பார்க்கிறேன். வில்லைப் பற்றிய கட்டுரையில் யாரும் கடைக்குப் போகப்போவதில்லை என்றாலும், தலைப்பில் தனித்து வரும் இடங்களில் 'நாண்வாங்களவு' என்று விரித்து எழுதலாம்.

ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. வில்லின் நீளத்துக்குப் பொருந்தாத வாங்களவில், நாணும் நுனியும் செங்கோணத்தை நெருங்கும்போது, கடைசி ஓரிரு அங்குலங்களில் விசை திடீரென எகிறும். ஆங்கிலத்தில் 'ஸ்டாக்கிங்' என்கிறார்கள். 'அடுக்கல்' என்று பெயர்த்தால் விறகுக்கடை நினைவுதான் வருகிறது. கையில் அது தரும் உணர்வு, பிடித்த கயிற்றைக் கன்று உதறுவதைப் போன்றது என்பதால் 'திமிறல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
சேலத்திலிருந்து ஒரு வில் தச்சன்